கலந்தாலோசிக்கப்பட்டது

குடிநீர் வாரியத்தின் தேர்வுக் குழுவில் உறுப்பினர்கள் மூன்று பேர். அறையில் இருப்பவர்கள் நான்கு பேர். நான்காவது ஆள் சன்னலோரம் ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்து, பேசப்படுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதுகிறவள். ஒன்பது வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சுருக்கெழுத்து அம்மா என்பதை அலுவலகம் நாளடைவில் சுருக்கம்மா ஆக்கிவிட்டது. அதிகம் பேசாதவள் என்பதால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது.

ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம் என்று ஒருமுறை யோசனை வந்தது. குழுத் தலைவரான தலைமைப் பொறியாளர் வேண்டாம் என்றுவிட்டார். "மெஷினுக்கு எதை விடணும், எதை எடுக்கணும்னு தெரியாது" என்றார். சுருக்கம்மாவுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். ஒரு வகையில் அது சரிதான். நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவாள். தட்டச்சு செய்யும்போது தலைவர் சொன்னதை மட்டும் எடுப்பாள். ஒரு முழு நாள் பேச்சு அரைப் பக்கக் குறிப்பாகிவிடும். அந்த அரைப் பக்கத்தில் தவறாமல் வருகிற சொல் 'கலந்தாலோசிக்கப்பட்டது.' யார் யாரோடு கலந்தார், எதை ஆலோசித்தார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வாரியத்தில் வேலைக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று பொதுப் பட்டியல். மற்றது ஒதுக்கீட்டுப் பட்டியல். தலைமுறை தலைமுறையாக வாரியத்தின் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்த ஓர் இனத்தாருக்கானது. அந்த இனத்தாரை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அலுவலகத்தில் எல்லாரும் நம்பினார்கள். சுருக்கம்மா அந்த இனம்தான். ஆனால் அவளுக்கு அவள் அம்மாவின் வெளிறிய நிறம். கல்யாணம் செய்துகொண்டது வேறு இனத்தில். அதனால் பெயருக்குப் பின்னால் இருப்பது கணவர் வீட்டுப் பெயர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஒதுக்கீடு கோருகிறீர்களா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள், கோரவில்லை, அவ்வளவுதான். பொதுப் பட்டியலில் முதலாவதாக வந்தாள். நீங்கள் என்ன இனம் என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லாரும் அவள் காதுபடத் தாராளமாகப் பேசினார்கள்.

அதிகம் பேசியவர் கட்டுக்காரர். ஆவண அறைப் பொறுப்பாளரான அவர் பழைய கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டிக் கட்டி அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தார். நல்ல மனுஷன். மழை வந்தால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போவார். அவருடைய மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இரண்டு மதிப்பெண்ணில் இடம் கைநழுவிப் போயிருந்தது. அதிலிருந்து தேநீர் வேளையில் அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

"ரெண்டு மார்க்கு சுருக்கம்மா! என் பொண்ணு ராத்திரி பகல் பாக்காம படிச்சா. அவளைவிட நாப்பது மார்க்கு கம்மியா வாங்கினவன் உள்ள போயிட்டான். என்னைக்கோ யாரோ செஞ்ச பாவத்துக்கு என் பொண்ணு எதுக்குக் கடன் கட்டணும், சொல்லுங்க?"

சுருக்கம்மா தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணின் ஏமாற்றம் உண்மை என்பது அவளுக்குத் தெரியும். அந்த நாற்பது மதிப்பெண் குறைந்த பையன் எந்த விளக்கடியில் உட்கார்ந்து படித்திருப்பான் என்பதும் கொஞ்சம் தெரியும். இரண்டையும் ஒரே கோப்பைத் தேநீருக்குள் பேசி முடிக்க முடியாது என்பதால், "கஷ்டந்தான் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஒன்பதாவது வருடத்தில் ஷிஃப்ட் ஃபோர்மேன் வேலைக்கு நேர்காணல் வந்தது. மூன்று இடங்கள். இரண்டு பொது, ஒன்று ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டு இடம் ஏற்கெனவே இரண்டு முறை விளம்பரம் செய்யப்பட்டு, இரண்டு முறையும் 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று காலியாக விடப்பட்டிருந்தது. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்ததும் சுருக்கம்மாதான். மூன்றாவது முறையும் கிடைக்காவிட்டால் இடம் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும் என்பது விதி.

இந்த முறை அதற்கு விண்ணப்பித்தவன் ஒரே ஒருவன். இரண்டாம் நீரேற்று நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பம்ப் மெக்கானிக். கடைசிப் பதினாலு மாதம் அங்கே ஃபோர்மேன் இல்லாததால் 'பொறுப்பு ஃபோர்மேன்' என்று வாயால் சொல்லி அவனையே எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அப்பாவின் நிறம். அவன் சுருக்கம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

குழு உறுப்பினர்கள் நேர்காணலுக்கு முன் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்: விண்ணப்பதாரர் எவரும் எனக்கு உறவில்லை. படிவத்தில் மூன்று கோடுகள்தான் இருந்தன. அறையிலிருந்த மேசை நாற்காலிக்கு அந்தப் படிவத்தில் எவ்வளவு இடமோ, நான்காவது ஆளுக்கும் அவ்வளவுதான்.

அன்று அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். அறைக்குள் நுழைந்ததும் சன்னலோரம் தங்கையைப் பார்த்தான். அவள் பென்சிலைப் பார்த்தாள். இரண்டு பேரும் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏசியிலிருந்து ஒரு வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாரியத்தில் தடையில்லாமல் தண்ணீர் வந்த இடம் அது ஒன்றுதான்.

அவனுக்கு முன்னால் பொதுப் பட்டியலிலிருந்து ஓர் இளைஞன் வந்துவிட்டுப் போயிருந்தான். அவனிடம் தலைவர், "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. என்ன செய்வீங்க?" என்று கேட்டிருந்தார். இளைஞன் கூரையைப் பார்த்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "மேலதிகாரிகிட்ட கேட்டு முடிவு பண்ணுவேன் சார்" என்றான். அவன் போன பிறகு பேராசிரியர், "அவசரப்படாம யோசிச்சுப் பேசறார்" என்றார். இந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்றவர். வெளி நிபுணர் என்ற முறையில் குழுவில் இருந்தார். பணியாளர் மேலாளர், எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், "பணிவும் இருக்கு" என்றார்.

அண்ணனிடமும் தலைவர் அதையே கேட்டார். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. என்ன செய்வே?"

"முதல்ல மோட்டாரை நிறுத்துவேன் சார். காத்து புடிச்சிருக்கும். குழாய் அடியில இருக்கற ஃபுட் வால்வு லீக்கான்னு பாப்பேன். சரி பண்ணி, குழாய் நெறைய தண்ணி ஊத்தி, காத்தை வெளிய விட்டுட்டுத்தான் மறுபடி ஓட்டுவேன். வெறுமனே ஓடவிட்டா சீல் கருகிடும்."

"இதெல்லாம் எங்க படிச்சே?"

"படிக்கல சார். போன மாசம் ரெண்டு தடவை ஆச்சு."

கடைசியாக மேடம், "பெரிய குழாய் வெடிச்சுடுச்சு, ஊருக்கே தண்ணிய நிறுத்தணும். என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"ஊருக்கே நிறுத்தறதுன்னா மேலதிகாரிகிட்ட கேட்டுத்தாம்மா செய்யணும்."

அவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனான். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சுருக்கம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதன் பிறகு நடந்த பேச்சு ஆறு பக்கத்துக்கு வந்தது. அவள் ஓர் எழுத்தும் விடவில்லை. நடுவில் பென்சில் முனை ஒருமுறை உடைந்தது. வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

மாலையில் அரைப் பக்கம் தட்டச்சு செய்தாள். பொதுப் பட்டியலில் இரண்டு பேர் தேர்வு. ஒதுக்கீட்டு இடம் குறித்துக் கலந்தாலோசிக்கப்பட்டது. தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை. கீழே தலைவர் சொன்ன இன்னொரு வரி: தகுதியானவர் கிடைக்கும்வரை தற்போதைய மெக்கானிக்கே ஃபோர்மேன் பொறுப்பைத் தொடர்ந்து கவனிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதைத் தாண்டிய தங்கையை அவன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"பாப்பா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானும் கேக்கல. சொன்னா உன் வேலை போயிடும்."

"நான் ஒண்ணுமே சொல்லலையேண்ணா."

"அதான் சொல்றேன். சொல்லாத."

அண்ணி ஈரத் துணியை உதறியபடி, "கூடப்பிறந்தவ அந்த ரூமுக்குள்ளதான் இருந்தா. என்ன பேசினாங்கன்னு வெளிய இருக்கற நமக்குத் தெரியாது. நல்லா இருக்குது உங்க குடும்பம்" என்றாள். சுருக்கம்மா நினைத்திருந்தால் ஆறு பக்கமும் நோட்டைப் பார்க்காமலே சொல்லியிருப்பாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அண்ணன் தானாகவே மேல்முறையீடு போட்டான். யாரிடமும் எழுதி வாங்கவில்லை. ஒரே வரி. 'நான் பதினாலு மாதமாகச் செய்கிற வேலைக்கு நான் தகுதி இல்லை என்றால், பதினாலு மாதமாகத் தண்ணீர் எப்படி வந்தது என்று தெரிவிக்கவும்.'

வாரியத்துக்கு இதுவரை வந்த மேல்முறையீடுகளெல்லாம் பத்துப் பக்கம் இருக்கும். அவற்றுக்குப் பதில் எழுதுவது சுலபம். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மேலே அனுப்பினார்கள். மேலிடம் வெளியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பியது.

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பு மேடம் ஆவண அறைக்குப் போனார். அங்கே நடந்ததைக் கட்டுக்காரரே தேநீர் வேளையில் சொன்னார்.

"ரூம்ல இடம் பத்தலையாம். பழைய சுருக்கெழுத்து நோட்டையெல்லாம் கழிச்சுடலாமான்னு கேட்டாங்க. ஆறு வருஷம் வைக்கணும் மேடம், விதி இருக்குன்னேன். எல்லாத்தையும் விதிப்படியா செய்றோம்னாங்க. இந்த ரூம்ல அப்படித்தான் மேடம்னேன்." பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். "அந்த ஒதுக்கீட்டு ஆளு மேல்முறையீடு போட்டிருக்கானாமே, அதுக்காகத்தான் இருக்கும். எனக்கு ஒதுக்கீடு புடிக்காது. அது வேற. அதுக்காக நோட்டைக் கிழிப்பாங்களா?"

"மாட்டாங்க சார்" என்றாள் சுருக்கம்மா.

விசாரணை அதே அறையில் நடந்தது. அதிகாரி இருமல் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கியபடி நடு நாற்காலியில் இருந்தார். குழுவினர் மூவரும் ஒரு பக்கம். அண்ணன் எதிர்ப்பக்கம் தனியாக. சுருக்கம்மா வழக்கமான சன்னலோரத்தில், விசாரணையைக் குறிப்பெடுக்க.

"குறிப்புல 'கலந்தாலோசிக்கப்பட்டது'ன்னு இருக்கு. என்ன கலந்தாலோசிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"தகுதியைப் பத்தி" என்றார் தலைவர்.

"தகுதியைப் பத்தி என்ன?"

"பொதுவா. குறிப்பா ஞாபகம் இல்ல. தினம் நூறு விஷயம் பாக்கறோம்."

மேடத்துக்கும் சரியாக ஞாபகம் இல்லை. பேராசிரியர் தமக்கு வயதாகிவிட்டதைக் குறிப்பிட்டார்.

அதிகாரி சன்னல் பக்கம் திரும்பினார். "இதை எழுதினது நீங்கதானா? உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை என்று சொல்ல அவளுக்கு எல்லா வசதியும் இருந்தது. அறையில் மூன்று பெரிய மனிதர்கள் அப்போதுதான் அதைச் சொல்லி முடித்திருந்தார்கள். நான்காவதாகச் சொல்வது ஒரு பேச்சே இல்லை. சம்பளம், ஓய்வூதியம், கணவருக்கு நிரந்தர வேலை இல்லாதது எல்லாம் அவள் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன.

"ஞாபகத்துல வச்சுக்கறதில்ல சார்" என்றாள். "நோட்டு இருக்கு."

மேடம், அதெல்லாம் கழித்திருப்பார்கள் என்றார். ஆள் அனுப்பினார்கள். கட்டுக்காரர் பத்தே நிமிடத்தில் நாடா கட்டிய நோட்டுகளோடு வந்து, பெற்றுக்கொண்டதற்கு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினார். திரும்பிப் போகாமல் கதவோரம் நின்றார். நோட்டைத் திரும்ப வாங்காமல் போக முடியாதாம்.

அதிகாரி நோட்டைத் திறந்து பார்த்து, தலைகீழாகவும் பார்த்து, சுருக்கம்மாவிடம் கொடுத்தார். ஒன்பது வருடத்தில் அவளுடைய கோடுகள் அவளுக்கென்று ஒரு வளைவு வளைந்திருந்தன. வேறு யாராலும் வாசிக்க முடியாது. படிக்கும் முன் கேட்டாக வேண்டிய சம்பிரதாயக் கேள்வி ஒன்று இருந்தது. அதிகாரி அதைக் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"விண்ணப்பதாரர் உங்களுக்கு உறவா?"

"ஆமா சார். அண்ணன்."

"எந்த வகையில அண்ணன்?"

"கூடப்பிறந்த வகையில."

அதிகாரி மிட்டாயை மென்று விழுங்கிவிட்டார். தலைமைப் பொறியாளர் அண்ணனைப் பார்த்தார், சுருக்கம்மாவைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். "நீங்களா? ஒன்பது வருஷமா எங்ககூட இருந்திருக்கீங்க. சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கல சார்."

"அப்ப இந்த நோட்டுக்கே மதிப்பு இல்ல!" என்று தலைவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "அவங்க அண்ணனுக்காக இஷ்டத்துக்குப் படிப்பாங்க. யாரு சரி பாக்கறது?"

அது நியாயமான கேள்விதான் என்றார் அதிகாரி. கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு வருடம் முந்தைய ஒரு நோட்டை உருவி, கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினார். "இதைப் படிங்க. சொன்னவங்களே சரியா இல்லையான்னு சொல்லட்டும்."

சுருக்கம்மா படித்தாள். "தலைவர்: எங்க இன்னும் நம்ம நிபுணரைக் காணோம்? மேடம்: கார் அனுப்பிட்டேன் சார். தலைவர்: அந்தக் கிழத்துக்கு மதியச் சாப்பாடு ஆரம்பிக்கறப்பதான் பொழுது விடியும்."

ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது. பேராசிரியர் மெல்லத் திரும்பி, "சொன்னீங்களா?" என்றார்.

"அது... சும்மா விளையாட்டுக்கு."

"அப்ப சொன்னீங்க" என்றார் அதிகாரி. "சரி, வாசிப்பு சரியா இருக்கு. மேல போகலாம்."

இப்போது வேறொரு சிக்கல். சுருக்கம்மா படித்தால் அதைக் குறிப்பெடுப்பது யார்? தட்டச்சுப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். அவளுக்குச் சுருக்கெழுத்து வராது. முழு எழுத்தில்தான் எழுதுவாள், அதுவும் மெதுவாக. எனவே சுருக்கம்மா அந்த ஆறு பக்கங்களையும் பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதச் சொல்லும் வேகத்தில் படிக்க வேண்டியதாயிற்று.

"தலைவர். கேட்ட உடனே, பதில் வருது. மனப்பாடம், பண்ணிட்டு, வந்திருக்கான். முற்றுப்புள்ளி."

"பேராசிரியர். குழாய் வெடிச்சா, மேலதிகாரிகிட்ட கேப்பேங்கறான். தன்னம்பிக்கையே, இல்ல."

அதிகாரி கை தூக்கினார். "இருங்க. வேற யாராவது இதே பதில் சொல்லியிருக்காங்களா? அவரைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க?"

சுருக்கம்மா முன்பக்கம் திருப்பி, பொதுப் பட்டியல் இளைஞனின் பதிலைப் படித்தாள். "பேராசிரியர்: அவசரப்படாம யோசிச்சுப் பேசறார். மேடம்: பணிவும் இருக்கு."

"கேள்விகளையும் படிங்க."

படித்தாள். அதிகாரி தாளில் ஏதோ குறித்தார். "அவருக்கு 'என்ன செய்வீங்க'. இவருக்கு 'என்ன செய்வே'. நீங்க கேட்டபடியே எழுதியிருக்கீங்களா, சுருக்கிட்டீங்களா?"

"கேட்டபடிதான் சார். 'வே'க்கும் 'வீங்க'வுக்கும் கோடு வேற."

"அவருக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு" என்றாள் சுருக்கம்மா.

"இவருக்கு?"

"நாப்பத்தாறு" என்றான் அண்ணன். அன்று அவன் பேசிய முதல் சொல் அது.

படிப்பு தொடர்ந்தது. "மேடம். ஆளு, நல்ல ஆளுதான். ஆனா, இவன் சொன்னா, ஷிஃப்ட்டுல இருக்கறவங்க, கேப்பாங்களா. கேள்விக்குறி. தலைவர். கேக்கறது இருக்கட்டும். அவங்க ஆளுங்களை, ஒரு எடத்துல, உக்கார வச்சா, அப்புறம், அந்த எடம் பூரா, அந்த நாத்தம்தான்."

"அந்த... என்னக்கா?" என்று தட்டச்சுப் பெண் தலைநிமிர்ந்து கேட்டாள். அவளுக்கு எழுதும்போது பொருள் புரியும் வழக்கம் இல்லை.

"அந்த நாத்தம்தான்" என்று சுருக்கம்மா மறுபடி சொன்னாள். "நா, த், த, ம். தான். முற்றுப்புள்ளி."

அண்ணன் மேசையில் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடம் கிரீஸ் ஏறிய நகங்கள். அன்று காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். கதவோரம் நின்ற கட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"பேராசிரியர். நாம, இரக்கப்பட்டு, தப்பு பண்ணக் கூடாது. தலைவர். அப்ப, வழக்கமானதைப் போட்டுடுங்க. மேடம். சாப்பாடு, வந்துடுச்சு."

அவள் நோட்டை மூடினாள். முழுவதையும் படிக்க ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நடவடிக்கைக் குறிப்பை எழுதுகிற குரலிலேயே, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்து முடித்திருந்தாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நேர்காணல் ரத்து, புதிய குழு புதிதாக நடத்த வேண்டும். புதிய குழு அண்ணனிடம் அதே மோட்டார் கேள்வியைக் கேட்டது. அவன் அதே பதிலைச் சொன்னான். இந்த முறை அது அனுபவம் ஆனது. ஃபோர்மேன் ஆனான். தலைமைப் பொறியாளர் வேறோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று கேள்வி. மேடம் அதே இருக்கையில் இருந்தார். பேராசிரியர் மட்டும் அதன்பிறகு வாரியத்தின் பக்கமே வரவில்லை. அவருக்குக் கோபம் தலைவர் மேல்தான் என்றார்கள்.

உறவை முன்கூட்டித் தெரிவிக்காததற்காகச் சுருக்கம்மாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மேடம் சொல்லச் சொல்ல அதை அவளே எழுதி, அவளே தட்டச்சு செய்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, அவளே பெற்றுக்கொண்டாள். இனி வெளிப்படைத்தன்மை முக்கியம் என்று வாரியம் ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கியது. அது வந்ததிலிருந்து குழுவினர் அறைக்குள் நுழையும் முன்பே நடைபாதையில் நின்று பேசி முடித்துவிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். சுருக்கம்மா புகார்ப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.

அங்கே ஒருநாள் கட்டுக்காரர் வந்தார். குடையைச் சுவரோரம் சாத்தினார். எடுத்தார். மறுபடி சாத்தினார்.

"நான் அத்தனை நாளும் பேசினதெல்லாம்..." என்றார்.

"கேட்டேன் சார்."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன பேசியிருப்பீங்க?"

அவர் நேர்மையாக யோசித்தார். "வேற மேசையில போய்ப் பேசியிருப்பேன்." சற்று நின்று, "என் கருத்து இன்னும் அதேதான் சுருக்கம்மா. என் பொண்ணுக்கு நடந்தது எனக்கு ஆறாது" என்றார்.

"தெரியும் சார்."

"ஆனா உங்க அண்ணனுக்கு நடந்தது கருத்து இல்ல. அது அயோக்கியத்தனம். இப்ப யோசிச்சா, ரெண்டு தடவை அந்த எடத்தைக் காலியா விட்டாங்களே, அந்தக் கோப்புக் கட்டையும் நான்தான் கட்டி வச்சேன். பிரிச்சுப் பாத்ததே இல்ல."

அவள் அவருக்கு நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். அன்று அவர்கள் முதன்முறையாகச் சண்டை போட்டார்கள். அந்த நாற்பது மதிப்பெண்ணைப் பற்றி, விளக்கைப் பற்றி, மகளைப் பற்றி. ஒருவரும் ஜெயிக்கவில்லை. தேநீர் ஆறிப்போய் இரண்டாவது தடவை வாங்க வேண்டியதாயிற்று.

அண்ணன் மட்டும் வரவில்லை. ஃபோர்மேன் ஆன பிறகு ஒரு மாதமாகத் தங்கையின் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைசியில் அண்ணிதான் போன் செய்தாள். "நினைச்சது கிடைச்சும் மூஞ்சிய தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்காரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. உங்க மேல ஏதோ இருக்கு போல. நீங்களே வந்து என்னன்னு கேளுங்க. எனக்கு இந்தக் குடும்பத்துல வாயத் திறக்கற ஆளே கிடைக்கல."

சுருக்கம்மா அரை நாள் விடுப்புப் போட்டு இரண்டாம் நீரேற்று நிலையத்துக்குப் போனாள். நான்கு பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அண்ணன் ஓர் இரும்பு மேசையின் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டான்.

"என் மேல கோவமாண்ணா?" என்று அவள் கத்தினாள்.

"கோவமெல்லாம் இல்ல!"

"பின்ன?"

அவன் அவள் காதருகே குனிந்தான். அப்படியும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவங்க சொன்னதை அவங்க வாயால கேட்டிருந்தா நாலு நாள்ல மறந்திருப்பேன் பாப்பா! நான் கேக்காததா? ஆனா இப்ப எப்ப ஞாபகம் வந்தாலும் உன் குரல்லதான் வருது! முற்றுப்புள்ளியோட!"

தூரத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒன்பது வருடம் அடுத்தவர் பேச்சை எழுதியவளுக்குத் தன் பேச்சு உடனே வருவதில்லை.

"எழுதறப்ப உனக்குக் கை நடுங்கலையா?" என்று கேட்டான்.

"இல்லண்ணா."

"கொஞ்சங்கூடவா?"

"நடுங்கினா அப்புறம் படிக்க வராதுண்ணா!"

அவன் அவளையே பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. பம்ப் அறையின் எண்ணெய்ப் புகையாகவும் இருக்கலாம்.

"அந்தத் தட்டச்சுப் பொண்ணு 'என்னக்கா'ன்னு கேட்டா பாரு" என்றான். "அப்ப எந்திரிச்சு வெளிய போயிடலாம்னு இருந்துச்சு."

"போயிருக்கலாமே."

"நீ அங்க தனியா படிச்சுட்டு இருந்தியே. எப்படி விட்டுட்டுப் போறது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அதில் கிரீஸ் இருந்ததைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான். அந்தப் பக்கமும் கிரீஸ்தான். அவள் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவன் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் பம்பின் சத்தம் மாறியது.

"இரு, வந்துடறேன்" என்று எழுந்து போனான்.